கறுப்பு வெள்ளையில் ஒரு வாழ்த்து

ஓவியாவுக்குப் பேர் வைத்தவர்கள் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். கூடலூரில் அவள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் வாழ்த்துப் படம் அவள் கையால்தான். கையால் என்றால் ஒற்றை விரலால். அம்மாவின் போனில் அதற்கென்று ஒரு செயலி இருந்தது. போட்டோவை நடுவில் வைப்பாள், பூவை மூலையில் வைப்பாள், எழுத்தை வளைப்பாள், படம் தயார்.

ஆனாலும் அவளுக்கு ஒரு மனக்குறை. எல்லோரும் ஒரே மாதிரிப் படம்தான் கேட்டார்கள். சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், பலூன், கேக். பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

“எல்லாம் ஒரே பளபளப்புடா. ஒரு தடவையாச்சும் அமைதியா, அழகா ஒரு படம் செய்யணும்” என்று அஸ்லமிடம் சொல்வாள்.

அஸ்லம் அவளோடு ஏழாம் வகுப்பில் படிப்பவன். அவனுடைய அப்பா ஹனீபா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பேனர் அங்கேதான்.

“அமைதியா செஞ்சா யாரு பாப்பா? பஸ்ஸுல போற ஆளு தலையத் திருப்புறதுக்குள்ள புரியணும்னு எங்க அத்தா சொல்வாக” என்பான் அஸ்லம்.

“நீ பஸ்ஸுக்குச் செய்யி. நான் மனுசருக்குச் செய்யுறேன்” என்பாள் ஓவியா. அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அந்த ஏப்ரலில்தான் மொக்கம்மாள் ஓய்வு பெற இருந்தார். மொக்கம்மாள் அந்தப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுச் சமையலர். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. வீடு கம்பத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவார். கொதிக்கிற சாம்பாரில் ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடுவார். அந்தக் கண் மூடினால் உப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஒன்றாம் வகுப்பு என்றதும் ராக்கையாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாத்தா பேரைச் சுமந்துகொண்டு முழங்கால் உயரத்தில் ஓர் ஆள். வரிசையில் எப்போதும் கடைசியாக நிற்பான். முதலில் நின்றால் அண்டாவின் அடியில் பிடித்த காந்தல் கிடைக்காது என்பது அவன் கணக்கு.

“காந்தல் இருக்கா ஆயாம்மா?”

“உனக்குன்னுதானே கருக விட்டேன்” என்பார் மொக்கம்மாள்.

அந்த வாரத் தொடக்கத்திலேயே மொக்கம்மாள் எல்லா வகுப்புக்கும் வந்து சொல்லிவிட்டார். “வெள்ளிக்கெழமையோட எனக்கு வேலை முடியுது. அன்னைக்கு எஞ் செலவுல சர்க்கரைப் பொங்கல் செய்யுறேன். ஒருத்தரும் வீட்டுல நிக்கக் கூடாது. எல்லாப் பிள்ளையும் எங் கையால சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

வெள்ளிக்கிழமைதான் பள்ளிக்கும் கடைசி நாள். அதற்குப் பிறகு கோடை விடுமுறை.

தலைமையாசிரியர் சந்தனம்மாள் டீச்சர் ஓவியாவைக் கூப்பிட்டார். “ஆயாம்மாவுக்கு ஒரு வாழ்த்துப் படம் செஞ்சு பெற்றோர் குரூப்ல போட்டுரும்மா. வெள்ளிக்கிழமை எல்லாரும் வரணும்னும் அதுல எழுதிரு.”

ஓவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் நினைத்த மாதிரிப் படம் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்க அதே வேலை. அவள் எடுத்து வைத்திருந்த போட்டோவில் மொக்கம்மாள் தலையைப் படிய வாரிக்கொண்டு, அசையாமல், சிரிக்காமல் நின்றிருந்தார். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். உடனே முகத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. நான்கு மூலையிலும் வெள்ளை மல்லிகை. கீழே ஒரு சின்ன விளக்கு. பேருக்கு அடியில், வேலைக்குச் சேர்ந்த வருடமும் இந்த வருடமும்: 1998 – 2025. மீதி இடத்தையெல்லாம் வெறுமையாக விட்டாள். வெறுமைதான் அழகு என்று தோன்றியது. செய்தியை மட்டும் அடியில், மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் போட்டாள். ‘பணி நிறைவு வாழ்த்துகள். வெள்ளிக்கிழமை மதியம் அனைவரும் வருக.’

“அம்மா, எப்படி இருக்கு?”

அம்மா தோசைக்கல்லை விட்டு நகராமல் தூரத்திலிருந்தே பார்த்தார். “அழகா இருக்குடி. ஆயாம்மாவா அது? நல்லா இருக்காக.”

படத்தைக் குரூப்பில் போட்டாள். கொஞ்ச நேரத்திலேயே கும்பிட்ட கைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. கும்பிட்ட கைகளுக்குப் பின்னால் இன்னும் கும்பிட்ட கைகள். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள் என்று ஓவியா நினைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் என்றைக்கும் தூங்கப் போனதில்லை.

காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் பூக்கடைச் சுருளி அவளைக் கூப்பிட்டார். கையில் பெரிய ரோஜா மாலை.

“பாப்பா, உங்க ஆயாம்மாவ இங்கன கொண்டு வருவாகளா? இல்ல, நாங்க கம்பத்துக்குத்தான் போகணுமா?”

“அவங்களே பஸ்ல வந்துருவாங்கண்ணே” என்றாள் ஓவியா.

சுருளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, ‘பாவம், சின்னப் பிள்ளை’ என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பள்ளிக்கூட வாசலில் ஓவியா நின்றுவிட்டாள். இரும்புக் கேட்டில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது. அவள் செய்த அதே படம். ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன் முன்னால் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள்.

அஸ்லம் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் டிபன் டப்பா. சத்துணவு சாப்பிடுகிறவன் டப்பா கொண்டுவந்து அவள் பார்த்ததே இல்லை.

“ஆயாம்மா செத்துப் போயிட்டாக. உன்னால தாங்க முடியுதா ஓவியா?” என்றான். அவன் கண் சிவந்திருந்தது.

“யாருடா சொன்னது?”

“நீதானே சொன்ன.”

“நான் எப்படா சொன்னேன்? அது ரிட்டயர்மெண்ட் வாழ்த்துடா. அடியில எழுதியிருக்கேன் பாரு.”

அஸ்லம் பிளக்ஸுக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு வாசித்தான். வாசித்துவிட்டு மெல்ல நிமிர்ந்தான்.

“கறுப்பு வெள்ளப் போட்டோ. வெள்ளப் பூவு. ஒத்த விளக்கு. பேருக்குக் கீழ ரெண்டு வருசம். எங்க கடையில வாரத்துக்கு ரெண்டு இப்படித்தான் ஓடும். இதப் பாத்ததுக்கப்புறம் யாரு அடியில வாசிப்பா? எங்க அத்தாவே வாசிக்கல. ‘அந்தம்மா கையால எம் பிள்ள சாப்பிட்டிருக்கான்’னு சொல்லி, காசில்லாம அடிச்சு, விடியக்காலையில அவுகளே வந்து கட்டிட்டுப் போனாக.”

உண்மைதான். யாரும் வாசிக்கவில்லை. கணக்கும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், மொக்கம்மாளுக்கு இருபத்தேழு வயதுதான் ஆகிறது என்று தெரிந்து யாராவது யோசித்திருப்பார்கள்.

பள்ளிக்கூட மைதானம் பாதி காலியாகக் கிடந்தது. ஆயாம்மா இறந்துவிட்டார், பள்ளிக்கு எப்படியும் லீவு விட்டுவிடுவார்கள் என்று பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பவே இல்லை. மீதிப் பேர், மதியம் சோறு இருக்காது என்று டப்பா கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற அம்மாக்கள் விடிவதற்கு முன்பே கட்டிவைத்த டப்பாக்கள்.

அப்போது கம்பம் பஸ் வந்து நின்றது. மொக்கம்மாள் இறங்கினார். ஒரு கையில் வெல்லப் பை, இன்னொரு கையில் முந்திரிப் பொட்டலம். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஒருவர் சட்டையில் டீயை ஊற்றிக்கொண்டார்.

மொக்கம்மாள் கேட்டுக்கு முன்னால் வந்து தன்னையே பார்த்தார். ஊதுபத்தியைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

“யாரு ஆத்தா இந்தப் படம் செஞ்சது?”

கட்டியது அஸ்லமின் அத்தா. அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஓவியா சொல்லவில்லை.

“நான்தான் ஆயாம்மா. வாழ்த்துன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். தப்பாப் போச்சு. எல்லாரும் நீங்க...”

மொக்கம்மாள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர், “சரி, அடுப்புக்கு நேரமாச்சு” என்று உள்ளே போய்விட்டார். ஓவியா ஊதுபத்தியை அணைத்தாள். கம்பியை முறுக்கி அவிழ்த்து, பிளக்ஸைச் சுருட்டி, சமையல் கூடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அடுத்த அரைமணி நேரத்தில் மலைமேலிருக்கும் குமுளியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து மொக்கம்மாளின் மகள் விஜி தலைவிரிகோலமாக இறங்கி ஓடிவந்தார். யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்திருக்கிறார். அம்மாவின் பட்டன் போனோ சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. சமையல் கூட வாசலில், வெல்லம் தட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டதும் விஜி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

“ஏம்மா, நான் மலை எறங்குறதுக்குள்ள எத்தன தடவ செத்துப் பொழச்சேன் தெரியுமா?”

“சரி, சரி. மூஞ்சியக் கழுவு. காலையில என்ன சாப்பிட்ட?” என்றார் மொக்கம்மாள்.

ஓவியா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மொக்கம்மாள் அண்டாவில் அரிசியைப் போட்ட பிறகுதான் சந்தனம்மாள் டீச்சர் தயங்கித் தயங்கி வந்து விஷயத்தைச் சொன்னார். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களிடம் டப்பா இருக்கிறது.

மொக்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். “எல்லாருக்கும்னு போட்டுட்டேனே, டீச்சர்” என்றார். அந்தக் குரலை ஓவியா அதற்கு முன் கேட்டதில்லை.

டீச்சர் அவசரமாகப் போனை எடுத்து, ‘மொக்கம்மாள் அவர்கள் நலமுடன் உள்ளார். தவறான புரிதலால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறோம். பெற்றோர் அனைவரும்...’ என்று நீளமாக ஒரு செய்தி எழுதி அனுப்பினார். அதற்கும் நான்கைந்து கும்பிட்ட கைகள் வந்தன. ஒருவர், ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று எழுதினார்.

“படிக்கவே மாட்டேங்கிறாங்களே” என்று டீச்சர் தலையில் கை வைத்தார்.

ஓவியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்று அவள் செய்ததும் இதேதான். கண் முதலில் பார்ப்பது ஒன்று. அவள் சொல்ல நினைத்தது வேறொன்று. தன் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, மற்றவர் கண்ணுக்கு அது என்ன சொல்லும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

“டீச்சர், எழுத்து வேணாம். படம் அனுப்பணும். உங்க போனக் கொஞ்சம் தாங்க.”

“இன்னொரு படமா?” என்று டீச்சர் பயந்தார். ஆனாலும் கொடுத்தார்.

ஓவியா அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். “ஆயாம்மா, கொஞ்சம் சிரிங்க.”

மொக்கம்மாள் சிரித்துப் பார்த்தார். அது சிரிப்பாக வரவில்லை. மறுபடி பார்த்தார். அழுகிற மாதிரி இருந்தது.

“வேணாம் ஆயாம்மா. நீங்க வேலையப் பாருங்க” என்றாள் ஓவியா. போனைப் பிடித்தபடி காத்திருந்தாள். வெல்லம் கரைந்து பொங்கலில் சேர்ந்தது. நெய் மணத்தது. மொக்கம்மாள் பழக்கம் மாறாமல் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

ஓவியா அந்த நொடியில் எடுத்தாள்.

பூ இல்லை, விளக்கு இல்லை. போட்டோ திரை முழுக்க இருந்தது. நெருப்பின் சிவப்பு, பொங்கலின் பழுப்பு, ஆவி, மூடிய ஒற்றைக் கண். ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்று எழுத ஆரம்பித்தாள்.

“அத வாசிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும்” என்றான் பின்னால் நின்ற அஸ்லம்.

அழித்தாள். யோசித்தாள். தடித்த மஞ்சள் எழுத்தில், மேலே, இரண்டே சொற்கள் போட்டாள்.

‘பொங்கல் ரெடி.’

இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் ஓடிப்போய், நான்காம் வகுப்பு அப்ரினிடம் போனை ஒரு நொடி காட்டி மறைத்தாள். “என்ன பாத்த?”

“ஆயாம்மா உப்புப் பாக்குறாக. சோறு போடப் போறாக” என்றாள் அப்ரின்.

படம் போனது. முதலில் குரூப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒருவர், ‘இது இன்றைக்கு எடுத்ததா?’ என்று கேட்டார். டீச்சர் ‘ஆமாம்’ என்றார். அதன் பிறகு போன் ஓயவே இல்லை.

மதிய மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சிலர் சீருடையில், சிலர் வீட்டு உடுப்பில், ஒருவன் ஈரத் தலையோடு. டப்பா வைத்திருந்தவர்கள் டப்பாவைத் திறக்கவே இல்லை. அஸ்லமின் டப்பாவை விஜி வாங்கிச் சாப்பிட்டார். பூக்கடைச் சுருளி மாலையோடு வந்து நெளிந்துகொண்டு நின்றார்.

“இத என்ன செய்யுறதுன்னு தெரியலக்கா.”

“கட்டுனத வீணாக்குவானேன்? போடு” என்று மொக்கம்மாள் கழுத்தை நீட்டினார். அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வீட்டில் போன் வேலைக்குப் போன அப்பாவோடு போயிருந்தது. சிலர் லீவுதானே என்று தேனிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராக்கையாவை அவன் அம்மா ஜீப்பில் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மலைமேல் போனுக்குச் சிக்னல் கிடையாது.

வரிசை முடிந்தது. மொக்கம்மாள் அண்டாவை மூடவில்லை. காந்தலைச் சுரண்டி ஒரு தட்டில் தனியாக வைத்துவிட்டு, கரண்டியோடு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியாவும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“மூடிரலாம் ஆயாம்மா. மணி அடிச்சாச்சு” என்றார் டீச்சர்.

“இன்னுங் கொஞ்சம் பாப்பம்.”

கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப் போனது. நிற்கவில்லை.

“நான் சாயங்காலம் ராக்கையா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துருறேன் ஆயாம்மா” என்றாள் ஓவியா.

“ஆறுனா அது கல்லாட்டம் ஆயிரும். சின்னப் பல்லு அவனுக்கு” என்றார் மொக்கம்மாள். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். “நீ சாப்பிட்டியா?”

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். தனக்கு ஒரு தட்டு எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“ஏன் சாப்பிடல?”

“என்னாலதானே பாதிப் பேரு வரல. ராக்கையா ஜூன்ல வந்து கேப்பான். நீங்க இருக்க மாட்டீங்க.” இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்துவிட்டது. “ஒங்களுக்கு நல்லது செய்யணும்னுதான் செஞ்சேன் ஆயாம்மா.”

மொக்கம்மாள் அவளை அழ விட்டார். பிறகு கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்து, காந்தல் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

“வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அந்தப் பிளக்ஸ எங்க வச்ச?” என்று கேட்டார்.

ஓவியா தயங்கித் தயங்கி எடுத்துவந்து விரித்தாள். மொக்கம்மாள் தலையைச் சாய்த்து, படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எனக்குன்னு இவ்வளவு பெருசா யாரும் படம் போட்டதில்ல. வீட்டுக்குக் கொண்டு போறேன். ஆட்டுக் கொட்டாய் ஒழுகுது.”

“வேணாம் ஆயாம்மா. கிழிச்சுப் போட்டுருறேன். இத இனிமே யாரும் பாக்கக் கூடாது.”

“ஏன்? ஒரு நாளைக்கு எப்படியும் எனக்கு ஒண்ணு செய்யத்தானே போறீக?” மொக்கம்மாள் காந்தலில் ஒரு துண்டை உடைத்து ஓவியாவின் வாயில் வைத்தார். “அன்னைக்காச்சும் கலர்ல போடு, ஆத்தா. இதுல பாரு, நான் செத்த மாதிரியே இருக்கேன்.”

ஓவியாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. வாய் நிறையக் காந்தல் வேறு. எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் அவள் திணறிக்கொண்டிருக்க, மொக்கம்மாள் கேட்காமலேயே அவள் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார்.